ஆதியின் படங்கள்

12 செப்டெம்பர் 2008, வெள்ளி இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டாதீர்கள். சித்திக்கு மட்டும் காட்டவே வேண்டாம்.

சித்தியின் குழந்தை ஆதி மூன்று நாள்தான் உயிரோடு இருந்தான். அவனுடைய படங்கள் எங்கள் கமராவில் மட்டுமே இருந்தன. பார்க்கத் தைரியமில்லாமல் ஆறு மாதமாக வீட்டில் ஒருவரும் அதைத் தொடவில்லை.

நான் தொட்டேன். புதன்கிழமை பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோனேன். படம் எடுக்குமுன் மெமரி கார்டில் உள்ளதையெல்லாம் அழித்து ஃபோர்மட் செய்யும்படி புகைப்பட வகுப்பில் பழக்கியிருந்தார்கள். அப்பா எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டிருப்பார் என்று நினைத்து அழுத்திவிட்டேன்.

இன்று கம்ப்யூட்டர் முழுவதும் தேடினேன். இல்லை. ஃபோர்மட் செய்த பிறகும் படங்களை மீட்கலாமாம், மேலே புதிதாக எடுக்காமல் இருந்தால். புகைப்பட வகுப்பு ஆசிரியர் சொன்னார். நானோ கார்ட் நிறையும் வரை எடுத்திருக்கிறேன். எல்லாம் பிள்ளைகள் ஓடுகிற படங்கள்.

பின்னேரம் சித்தி வந்தார். இன்றிரவு இங்கேதான் தங்குகிறார்.

"அக்கா, இப்ப அவனைப் பார்க்கலாம் போல கிடக்கு," என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "கமரா உன்னட்டையோ பிள்ளை? நாளைக்கு டண்டினொங் கடைக்குப் போய் ஒரு படத்தைப் பெரிசா அடிப்பம். எது வடிவெண்டு நீதான் சொல்லவேணும்," என்றார்.

"ஓம் சித்தி" என்றேன்.

கண்ணை மூடி அவன் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். தொப்பி தெரிகிறது. முகம் சரியாக வரவில்லை.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். சித்தியின் குரல். "பிள்ளை, நித்திரையோ? விடியுமட்டும் பொறுக்கேலாமல் கிடக்கு. கமராவை ஒருக்காத் தாவன்."