முழந்தாளில் தூதர்

செவ்வாய், வெள்ளவத்தை.

வாய் வீங்கிவிட்டது. ஒல்லாந்த ஆளுநர் முன்னால் கண்டி அரசனின் தூதர் முழந்தாளிட்டிருக்கும் பழைய ஓவியம் ஒன்றைப் பழுது பார்த்து முடித்திருந்தேன். அதைக் கொடுக்கப் போன வழியில் சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் மறித்தான். என் மகனின் வயதுதான். கடைக்காரப் பெடியனோடு கதைப்பதுபோல, "படந்தான் மல்லி" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன்.

"மல்லி? சேர் கியபங்!"

துவக்கின் பிடி வாயில் இறங்கியது. தமிழனுக்கு அவன் தம்பியில்லையாம். சேர் என்று சொல்லவேண்டுமாம். இரண்டு பற்கள் தாரில் விழுந்தன. நடுறோட்டில் முழந்தாளில் இருத்தினான். பிறகு ஓவியத்தை விரித்துப் பார்த்தவனுக்கு வெறி ஏறியது. தங்கள் அரசனின் ஆள் வெள்ளைக்காரனுக்கு முழந்தாளிடுவதா, அவரை எழும்பி நிற்பதுபோல மாற்றிக் கீறு என்று கத்திக்கொண்டே நெஞ்சில் உதைத்தான்.

"ஓம் சேர்" என்றேன்.

தூதரை எழும்பச் சொன்னவன் என்னை எழும்பச் சொல்லவில்லை.