வடக்குச் சுவரில் ஒரு வில்லை

டிசம்பர் 11

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நேற்று வாசலில் மணி அடிப்பதற்கு முன்னால், உங்களை இனி என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். உங்கள் பிள்ளையும் நானும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து இரண்டு வருடமாகிறது. ஆனால் நீங்கள் கதவைத் திறந்ததும் வாயில் "மாமா" என்றுதான் வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

போனில் சொன்னால் உங்கள் காதில் விழாது என்பதால் இந்தக் கடிதம். உங்கள் தெருவில் இருப்பவை எல்லாம், சூடு வெளியே போகாது என்று சொல்லி விற்ற வீடுகள். அது உண்மைதானா என்று அளந்து பார்ப்பதுதான் இப்போது என் ஆபீஸ் வேலை. நடு அறையின் வடக்குச் சுவரில் நான் ஒட்டிவிட்டு வந்த உள்ளங்கை அளவு வட்ட வில்லை, சுவர் வழியாக எவ்வளவு சூடு கசிகிறது என்று இரண்டு வாரம் விடாமல் அளக்கும். அதுவரை அந்த அறை ஹீட்டரை ஒரே அளவில் வையுங்கள். ஜன்னலைத் திறக்க வேண்டாம். வில்லையின் மேல் சட்டையை மாட்டவும் வேண்டாம். முடிந்ததும் வந்து கழற்றிக்கொள்கிறேன்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடியதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
அளக்க வந்தவள்


டிசம்பர் 15

அளவுக்கார அம்மாவுக்கு,

மருமகளே என்று எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. அதனால் இப்படி.

முப்பது வருடம் பஸ் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்த காது இது. பிள்ளை ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் "ஆங், ஆங்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அவனும் திருப்பிச் சொல்வதில்லை. கடிதம் என்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம்.

உன் வில்லை பத்திரமாக இருக்கிறது. சுவருக்கு ஜுரம் எப்படி இருக்கிறது என்று காலையில் எழுந்ததும் ஒரு பார்வை பார்க்கிறேன். மற்ற அறைகளில் ஹீட்டரை அணைத்து வெகுநாளாகிறது. சமையலறையில் ஹீட்டரே கிடையாது. படுக்கை, டிவி, சாப்பாடு எல்லாம் நடு அறையில்தான்.

அன்றைக்குப் போகிற போக்கில் சொன்னாயே, "ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே பழைய குண்டு பல்பு ஒண்ணு எரியற சூடு வரும் மாமா"ன்னு. அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் அத்தை போய்ச் சேர்ந்தாள். நீ போனாய். அவனும் வேலை என்று போனான். மூன்று பல்பு அணைந்துவிட்டது. ஹீட்டர் பில் ஏன் ஏறுகிறது என்று இப்போதுதான் புரிகிறது.

இப்படிக்கு,
அளக்கப்படும் வீட்டின் சொந்தக்காரன்


டிசம்பர் 23

அன்புள்ள மாமாவுக்கு,

வில்லையோடு சேர்ந்த பெட்டி, கணக்கைத் தானாகவே ஆபீஸுக்கு அனுப்பிவிடும். நேற்றுச் சாயங்காலம் அறையின் சூடு தடாலென்று இறங்கியிருக்கிறது. ஜன்னலைத் திறந்தீர்களா? இன்னும் ஒன்றிரண்டு நாளில் முடிந்திருக்கும். இனி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் போகிறேன்.

கரண்டு போய் ஹீட்டர் நின்றதோ என்று பயந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அன்புடன்,
அளவுக்காரி


டிசம்பர் 29

அளவுக்கார அம்மாவுக்கு,

நேரிலேயே சொன்னேன், எழுத்திலும் இருக்கட்டும். பால் அடிப்பிடித்து வீடெல்லாம் புகை. ஜன்னலைத் திறக்காமல் மனுஷன் என்ன செய்வான்?

நீ வந்தது நன்றாக இருந்தது. இந்தத் தடவை உட்கார்ந்து சாப்பிட்டாய். முதல் வாயிலேயே "உப்பை அள்ளிக் கொட்டியிருக்கீங்களே மாமா, இதைத் தினமும் சாப்பிட்டா என்ன ஆகும்"னு அதட்டினாய் பார், என் சமையலை ஒருத்தர் குறை சொல்லி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நீ போன பிறகு நீ உட்கார்ந்த நாற்காலியை மேசைக்குள் தள்ளாமல் அப்படியே விட்டுவைத்திருந்தேன். அப்புறம் ராத்திரி காலில் தடுக்கியது, தள்ளிவிட்டேன்.

வில்லை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று அடிக்கடி வந்து பார்த்துக்கொள். நான் கண் சரியாகத் தெரியாதவன்.

இப்படிக்கு,
வீட்டின் சொந்தக்காரன்


பிப்ரவரி 2

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்றாவது முறையாகவும் கெட்டுப்போய்விட்டது. மூன்று முறையும், முடிய இரண்டொரு நாள் இருக்கும்போதுதான் பால் அடிப்பிடிக்கிறது. உங்கள் வீட்டுப் பாலுக்கு நாள்காட்டி பார்க்கத் தெரியும் போலிருக்கிறது.

நான் கோபமாக எழுதவில்லை. ஆனால் வெளியே நல்ல குளிர் இருந்தால்தான் இதை அளக்க முடியும். வெயில் ஏறிவிட்டால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் போதாது. இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான் குளிர் மிச்சம் இருக்கிறது. இதுவும் கெட்டால், "வீட்டுக்காரர் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிக் கோப்பை மூடச் சொல்கிறார் மேலதிகாரி. உங்களைப் பற்றி அப்படி என் கையால் எழுத எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று. வேறு யாரோ சொல்லி நீங்கள் கேட்டால் அப்புறம் உங்கள் முகத்தில் என்னால் விழிக்க முடியாது. மார்ச் மாதம் வேறு ஊர் ஆபீஸுக்கு மாற்றிக்கொண்டு போகிறேன். அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டார். சரி என்று சொல்லியிருக்கிறேன். நல்லவர் மாமா.

என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அளவுக்காரி


பிப்ரவரி 5

கடிதம் கிடைத்தது.

ஜன்னலை நான்தான் திறந்தேன். பாலும் இல்லை, புகையும் இல்லை. அளந்து முடிந்துவிட்டால் நீ எதற்கு வரப்போகிறாய்? வா என்று கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கோர்ட்டில் அவனோடு சேர்த்து என்னையும்தானே அறுத்துவிட்டார்கள். வில்லை இருந்தால் நீ வருவாய். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

வாத்தியார் விஷயம் படித்தேன். நல்லது. நன்றாக இரு. இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த முறை உன் கணக்கு சுத்தமாக வரும். நான் கெடுக்க மாட்டேன்.

வீட்டுக்காரன்


பிப்ரவரி 23

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று வந்தேன். வீடு பூட்டியிருந்தது. வில்லையையும் பெட்டியையும் பழைய துண்டில் சுற்றி, பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தீர்கள். "எங்கே போறேன்னு சொல்லலைங்க, பஸ்ல ஏறி உட்கார்ந்தாரு, அவ்வளவுதான் பார்த்தேன்" என்றார். இருட்டும்வரை உங்கள் வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

ஒட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருக்கும். ஆபீஸ் செலவில் பெயின்டரை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அளவுக்காரி


மார்ச் 18

அன்புள்ள மாமாவுக்கு,

புது ஊருக்கு வந்து சாமான்களைப் பிரித்து வைத்த பிறகு, நேற்றுதான் உங்கள் வீட்டுக் கணக்கைத் திறந்தேன். ஜன்னல் ஒரு தரம்கூடத் திறக்கவில்லை. உங்கள் சுவர் நல்ல சுவர். கட்டியவர்கள் சொன்னதைவிடக் குறைவாகத்தான் கசிகிறது.

ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. முந்தைய மூன்று முறையும், நீங்கள் உள்ளே வந்ததும் அறையின் சூடு இம்மியளவு ஏறும். வெளியே எழுந்து போனதும் இறங்கும். இந்த முறை அந்த ஏற்றமே இல்லை. இரண்டு வாரமும் அந்த அறையில் ஆளே இல்லை.

எங்கே படுத்திருந்தீர்கள் மாமா? அந்தச் சமையலறையிலா? நான் என்றோ உளறிய பல்புக் கதையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் உடம்புச் சூடு என் கணக்கைக் கெடுத்துவிடும் என்று நினைத்தீர்களா? ஆள் இருந்தால் அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுவோம். அதை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். ஆபீஸில் எல்லோரும் பார்க்க அழுதுவிட்டேன்.

உடம்பு எப்படி இருக்கிறது? உடனே எழுதுங்கள். அடுத்த குளிர்காலத்தில் வருகிறேன். அளக்க இல்லை, சும்மா.

அன்புடன்,
அளவுக்காரி


மார்ச் 27

அன்புள்ள மருமகளுக்கு,

கொஞ்சம் இருமல் இருந்தது, போய்விட்டது. சமையலறையில் படுத்தது நிஜம். கம்பளி இருந்தது, அடுப்பும் இருந்தது, செத்துப்போகவில்லை. மூன்று தடவை கெடுத்தவன் நான். நாலாவது தடவையாவது உன் கணக்கில் என் கை படக் கூடாது என்று நினைத்தேன். அதற்காக ஆபீஸில் உட்கார்ந்து அழுவாயா, அசடு.

அன்றைக்கு நான் எங்கும் போகவில்லை. பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பினேன். நீ வில்லையைக் கழற்றிக்கொண்டு போவதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

பெயின்டர் வந்தான். திருப்பி அனுப்பிவிட்டேன். சுவரில் உள்ளங்கை அளவு வட்டம் இருந்துவிட்டுப் போகட்டும். இப்போது மறுபடி நடு அறையில்தான் படுக்கை. ஹீட்டரை அணைத்துவிட்டேன், வெயில் வந்துவிட்டது.

அடுத்த குளிர்காலத்தில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அளப்பதற்குத்தான் குளிர் வேண்டும். வருவதற்கு எந்த மாதமும் ஆகும். வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு வா. அவரை நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று வாசலில் வைத்து முடிவு செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
மாமா