சம்பந்தியம்மாவின் கோய் மீன்கள்

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் இங்கே நலமாக இல்லை. நீயும் மருமகளும் அங்கே நலமாகத்தான் இருப்பீர்கள், அதனால் கேட்கவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் காது கேட்கிறது. ஸ்பீக்கரில் போட்டால் உன் மாமியாருக்கும் கேட்கிறது. போன வாரம் நீ "அத்தை எப்படிம்மா இருக்காங்க?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து "ரொம்ப நல்லா இருக்கேன் மாப்பிள்ளை!" என்று பதில் வந்தது. என் வீட்டில் என் மகனோடு நான் தனியாகப் பேச வழியில்லை. ஏதோ துணி தைப்பது போல மெஷினுக்கு முன்னால் குனிந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமியாரை இங்கிருந்து அழைத்துக்கொண்டு போ. மாதக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அதற்கு மேல் என்னால் முடியாது.

அவர் குடியிருந்த வீட்டை இடிக்கிறார்கள், வேறு இடம் கிடைக்கும் வரை கொஞ்ச நாள், உனக்கும் துணையாச்சு என்றெல்லாம் அன்றைக்கு எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாய்! அந்தக் கொஞ்ச நாள் முடிந்து மழைக்காலமும் முடிந்துவிட்டது. தனியாக வந்திருந்தாலாவது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். இரண்டு கோய் மீன்களை, அதுதான் அந்த ஜப்பான் கெண்டைகளை, நீல டிரம்மில் போட்டு, சாமான் வண்டியின் பின்னால் தானும் ஏறி, டிரம்மைக் கட்டிப்பிடித்தபடி வந்து இறங்கினாரே, அப்போதே என் குளம் போயிற்று என்று தெரிந்துவிட்டது.

நம் தோட்டத்துக் குளம் சும்மா வந்ததா? கொத்தனார் கோணலாகக் கட்டியபோது இஞ்ச் டேப்போடு போய் நின்று உடைத்துக் கட்ட வைத்தவள் நான். பறவை கொத்தாமலிருக்க மேலே வலை தைத்துப் போட்டவள் நான். தையல் கடையை மூடிய பிறகு எனக்கென்று இருப்பது அந்தப் பொன்மீன்கள் மட்டும்தான். அவையும் ஓடியாடுகிற சாதியா? உருண்டை வயிறும் துருத்திய கண்ணுமாக, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவதற்குள் மூச்சு வாங்கும். குண்டம்மாவை உனக்குத் தெரியும். அவள் திரும்புவதற்கே இடம் வேண்டும்.

உன் மாமியாரின் மீன்களோ ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம், மீசை வேறு. காலையில் அந்த அம்மா குளத்தங்கரையில் நின்று விசில் ஊதுகிறார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவராம், ஓய்வு பெற்றும் விசிலை விடவில்லை. விசில் கேட்டதும் அந்தத் தடியன்கள் இரண்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து, வாயைப் பிளந்து, போட்ட இரை மொத்தத்தையும் உறிஞ்சிவிடுகின்றன. என் மீன்கள் வந்து சேர்வதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்தாயிற்று. அல்லித் தொட்டிகளை முட்டித் தோண்டிக் குளத்தையே சேறாக்கிவிட்டன.

இன்னொன்றும் கேள். வந்த புதிதில் தன் மீன்களைக் குளத்தில் விடவே இல்லை. இரண்டு வாரம் அந்த டிரம்மிலேயே உப்புப் போட்டு வைத்திருந்தார். ஏனென்று கேட்டால், "புது மீனைத் தனியா வச்சுப் பார்த்துட்டுத்தாங்க விடணும் சம்பந்தி, நோய் ஏதாவது ஒட்டிக்கும்" என்கிறார். யாருடைய நோய் யாருக்கு ஒட்டும்? என் குளத்துத் தண்ணீர் என்ன சாக்கடையா? அந்தப் பேச்சு இன்னும் எனக்கு ஆறவில்லை.

இப்போது என் மீன்களின் உடம்பில் காயம். குண்டம்மாவின் விலாவில் செதில் உதிர்ந்து, வட்டமாகச் சிவந்து கிடக்கிறது. இன்னொன்றுக்கு முதுகில். போன புதன்கிழமை ஒன்று செத்து மிதந்தது. "உங்க மீனுங்க பண்ற வேலைதானே இது?" என்று கேட்டேன். "கோய்க்கு வாயில பல்லே கிடையாதுங்க, தொண்டையிலதான் இருக்கு. எப்படிங்க கடிக்கும்?" என்று எனக்கே பாடம் எடுக்கிறார். மீனுக்குத் தொண்டையில் பல்லாம்! காதில் பூச்சுற்றுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

அந்தக் குளத்தில் நல்ல பிள்ளை என்றால், நீ மீன் கடைக்காரரிடம் சொல்லி அனுப்பினாயே, அந்தக் கறுப்பு மீன் ஒன்றுதான். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்கிறது. யார் வம்புக்கும் போவதில்லை. என் மகன் அனுப்பியதல்லவா என்று அந்த அம்மாவின் காதில் விழும்படி சொன்னேன்.

சமையலறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது. முழங்கால் வலிக்கு டாக்டரிடம் நேரம் கேட்டு வைப்பதாகச் சொன்னாய். அதுவும் அப்படியே நிற்கிறது. ஆனால் முதல் வேலை உன் மாமியார்தான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருக்க முடியாது. முடிவாகச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா


வியாழக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், ஏனென்று கேள்.

போன வாரம் கடிதம் போட்ட மறுநாளே குளத்துக்கு நடுவில் தடுப்பு போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். நைலான் வலை வாங்கி, தரையோடு படிந்து நிற்க அடி ஓரத்தில் சங்கிலி வைத்துத் தைத்தேன். அவ்வளவு நீள வலைக்கு மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. வேறு நாதி ஏது, உன் மாமியாரைத்தான் கூப்பிட்டேன். பிடித்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா? "கோணலா வருதுங்க சம்பந்தி" என்றார். வாழ்நாள் பூராவும் தைத்துப் பிழைத்தவளிடம்! பிரித்துப் பார்த்தேன். கொஞ்சம் கோணல்தான். வலை வழுக்கியதால் வந்த கோணல், என் கையால் வந்ததில்லை.

தடுப்பு நின்றது. அந்தப் பாதி அவருக்கு, இந்தப் பாதி எனக்கு. கோய்கள் வலையில் வந்து முட்டிவிட்டுத் திரும்பிப் போயின. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஆனால் இரண்டே நாளில் குண்டம்மாவின் விலாவில் இன்னொரு காயம், பழையதைவிடப் பெரிதாக. கோய்கள் அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உன் மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாய் திறந்து சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம்.

இந்தச் செவ்வாய்க்கிழமை விடியும்போது, நடக்கப் புறப்பட்டவர் தோட்டத்திலிருந்து "சம்பந்தி! ஓடி வாங்க!" என்று கத்தினார். நான் எங்கே ஓடுவது, இந்தக் காலை வைத்துக்கொண்டு! போய்ப் பார்த்தால், போட்ட உடையோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். இரண்டு கையிலும் குண்டம்மா. அவள் விலாவில் உன் மீன்! நீ அனுப்பிய அந்த நல்ல பிள்ளை, வாயை ஒட்டிவைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. சுவரில் ஒட்டுவது போலவே அவள் உடம்பிலும் ஒட்டியிருக்கிறது, கிராதகன்! பிய்த்தால் சதையோடு வந்துவிடும் என்று உன் மாமியார் பொறுமையாக விரலால் நிமிண்டி நிமிண்டி எடுத்துவிட்டார்.

கடைக்காரரை வரவழைத்தேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "சின்னதா இருக்கறப்ப பாசி தின்னும்மா. பெருசானா இந்த மாதிரி நகர முடியாத குண்டு மீனுங்க மேல ஒட்டி, உடம்புல இருக்கற வழவழப்ப உறிஞ்ச ஆரம்பிச்சிடும்" என்றார். இதை முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று கேட்டேன். "உங்க பையன், வீட்ல இருக்கறவங்களுக்கு வேலை வைக்காத மீனா ஒண்ணு குடுத்துடுங்கன்னு போன் பண்ணாரு. அதான் குடுத்தேன்" என்றார். உனக்கு எல்லாமே அப்படித்தானே. வேலை வைக்கக் கூடாது. அந்த மீனை வாளியில் போட்டு அவரையே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.

குண்டம்மா அந்த நீல டிரம்மில் உப்புத் தண்ணீரில் இருக்கிறாள். தண்ணீர் மாற்றுவது, உப்பு அளப்பது எல்லாம் உன் மாமியார்தான். நான் போட்டால் அதிகமாகப் போட்டுவிடுவேனாம். நேற்று ஓர் உருண்டை இரை தின்றாள். அதற்காக நான் அந்த அம்மாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்டால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். ரேடியோவைக் காது கிழிய வைப்பதும், நான் மடித்த துணியை மறுபடி பிரித்து மடிப்பதும் அப்படியேதான் இருக்கின்றன. தினமும் காலையில் காபியோடு ஆரம்பிக்கிற சண்டை விளக்கை அணைக்கும்போதுதான் ஓய்கிறது.

தடுப்பு வலையை எடுத்துவிட்டோம். இப்போது இரை போடுவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். அவர் மேற்குக் கரையில் நின்று விசில் ஊதி மிதக்கிற இரையைப் போடுவார். கோய்கள் இரண்டும் அங்கே ஓடிவிடும். அதே நேரத்தில் நான் கிழக்குக் கரையில் மூழ்குகிற இரையைப் போடுவேன். என் மீன்கள் அடியில் நிதானமாகத் தின்னும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போட வேண்டும். அவர் கொஞ்சம் முந்திவிடுகிறார், அதற்கும் ஒரு சண்டை.

மூழ்குகிற இரை இங்கே சரியாகக் கிடைப்பதில்லை. அங்கே கிடைத்தால் பெரிய பாக்கெட்டாக வாங்கி அனுப்பு. கூரை ஒழுகல் அப்படியே இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா


செவ்வாய்க்கிழமை

மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எழுத்து கிறுக்கலாக இருக்கும். வயதால் இல்லை, கோபத்தால்.

நேற்று மருமகள் போன் செய்தாள். நாங்கள் இருவரும் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். போன் மேசைமேல், ஸ்பீக்கரில். "அம்மா, உனக்கு ஒரு நல்ல முதியோர் இல்லம் பார்த்திருக்கோம். சனிக்கிழமை வண்டி வரும். அத்தையால உன்கூட இருக்க முடியலையாம், லெட்டர் எழுதியிருக்காங்க. அவங்ககிட்ட ஒண்ணும் கேட்டுக்காதே" என்றாள். நான் எதிரில் கையில் வெங்காயத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். உன் மாமியார் என்னைப் பார்க்கவில்லை. "சரிம்மா" என்று சொல்லிப் போனை வைத்தாள். மிச்ச வெங்காயத்தையும் உரித்து, கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள்.

உன்னை யாரடா இல்லம் பார்க்கச் சொன்னது? எழுதினாயே என்பாய். எழுதினேன். எழுதியதில் ஒரு சொல்லுக்கும் நான் பின்வாங்க மாட்டேன். ஆனால் இத்தனை வருஷமாக உன்னிடம் எத்தனை கேட்டிருக்கிறேன்? கூரையைக் கேட்டேன், முழங்காலுக்கு டாக்டரைக் கேட்டேன், ஒரு முறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று கேட்டேன். எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. இது ஒன்றுக்கு மட்டும் எள்ளென்றால் எண்ணெயாக நிற்கிறாயே! அழைத்துக்கொண்டு போ என்றால் உன் வீட்டுக்கு அழைத்துப் போ என்றுதானே அர்த்தம்? யாரோ முன்பின் தெரியாதவர்களிடம் கொண்டுபோய்த் தள்ளு என்றா சொன்னேன்?

அந்த இல்லத்தில் மீன் வளர்க்க விட மாட்டார்களாம். கோய்களை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறாள். "உங்களுக்குத் தொந்தரவா இருந்தா கடைக்காரர்கிட்ட குடுத்துடுங்க" என்றாள். நேற்று மாலை விசிலை என் கையில் கொடுத்து ஊதிப் பழகச் சொன்னாள். ஊதினேன், காற்றுதான் வந்தது. கோய்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தனி ஆளாக இரண்டு கரையிலும் எப்படி நிற்பது? குண்டம்மா இப்போதுதான் டிரம்மிலிருந்து குளத்துக்கு வந்திருக்கிறாள். மீன்களுக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

வீட்டில் சத்தமே இல்லை. ரேடியோவைக் காது வைத்துக் கேட்கிற அளவுக்குக் குறைத்து வைத்திருக்கிறாள். என் துணிகளை நான் மடித்தபடியே விட்டுவிடுகிறாள். இன்று காலை காபி குடிக்கும்போது வேண்டுமென்றே அவள் மீன்களை வாய்க்கு வந்தபடி திட்டிப் பார்த்தேன். தடியன்கள், தின்னிப் பண்டாரங்கள், குளத்தைக் கெடுக்க வந்தவை என்றேன். "ஆமாங்க" என்றாள். என்னால் அந்தக் காபியைக் குடிக்க முடியவில்லை.

கூரியரில் அனுப்புகிறேன், நாளை மறுநாள் உன் கைக்கு வந்துவிடும். வந்த உடனே உன் மாமியாருக்குப் போன் போடு. "அத்தை, அந்த இல்லத்துல இடமில்லையாம். இப்போதைக்கு வழியில்லை. எங்கம்மாவைக் கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று சொல். பொய்தான். எனக்கு நீ சொன்ன பொய்களில் இது ஒன்றும் பெரிதில்லை. நான் சொல்லித்தான் பேசுகிறாய் என்பது மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது.

நீயே சொல்லலாமே அம்மா என்பாய். சொல்லலாம் என்றுதான் மதியம் அவள் அறை வாசல் வரைக்கும் போனேன். பெட்டியைத் திறந்து வைத்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "என்ன வேணுங்க?" என்றாள். "கத்தரிக்கோல் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். திரும்பி வந்துவிட்டேன். கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது.

சனிக்கிழமைக்கு முன்னால் பேசிவிடு. நீயும் மருமகளும் நன்றாக இருங்கள். வயதான காலத்தில் உங்களுக்கும் காலையிலிருந்து இரவு வரை சண்டை போட ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் அம்மா