வாசலில் இறக்கிவிட்ட பெண்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் முழங்காலை மட்டும் அதில் சேர்க்காதே என்று அவளே சொல்லச் சொன்னாள். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்குக் குழாயை மூடவே தெரியவில்லை, அம்மா தினமும் மேலே பார்த்துத் திட்டுகிறாள், அந்த நேரம் அவளுக்கு வலி மறந்துபோகிறது.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் சும்மா இருக்க மாட்டாமல் வேன் ஓட்டப் போனதாகப் போனில் சொன்னேனே, என்ன வேலை என்று சொல்ல வாய் வரவில்லை. அது ஓர் ஆராய்ச்சிக் குழு. ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், திருநங்கை, திருநம்பி என்று, அதிலும் வசதியில்லாத வீட்டு இளவயசுக்காரர்களை வரவழைத்து, தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறார்களா, மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு டாக்டரம்மா விசாரிக்கிறார். அவர்களை ஏற்றி இறக்குவது என் வேலை. தெருமுனையோட நிறுத்திடுங்க சார், வாசலுக்குப் போகவே கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

போன மாதம் ஒரு நாள் பேய் மழை. தையற்கடையில் வேலை செய்யும் பெண், பத்தொன்பது வயசிருக்கும், என்னை பைலட் சார் என்றுதான் கூப்பிடுவாள், வாயாடி, அன்றைக்கு இருமிக்கொண்டே வந்தாள். முனையில இறங்கிக்கிறேன் என்று அவள் சொல்லச் சொல்ல, நனைஞ்சு ஜுரம் வந்தா யார் பாக்கறது என்று அதட்டி வாசலிலேயே நிறுத்தினேன், பழக்க தோஷம், ஹாரனும் அடித்தேன். குடையோடு வந்த அவள் அப்பா என்ன வண்டி என்று கேட்டார். நல்ல இடம் சார், இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்காகவே நடத்தறாங்க என்று பெருமையாக வாயைவிட்டேன். எந்த மாதிரி என்றார். அவருக்கு முன்பே சந்தேகம் இருந்திருக்க வேண்டும், நான் முழித்த முழியே போதுமாக இருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், என் வாயால் கெட்டது அவள். வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள், கடை அவள் சித்தப்பாவுடையது, அந்த வேலையும் போயிற்று. இப்போது டாக்டரம்மா பார்த்துக்கொடுத்த விடுதியில் இருக்கிறாள்.

போய்ப் பார்த்தேன். மன்னிச்சிடும்மா என்றேன். நல்லதுக்குத்தான் செஞ்சீங்க பைலட் சார், ஆனா நான் வேணாம்னு சொன்னது உங்க காதுலயே விழலையே என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். திரும்பி வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன் ராஜா. உனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டே இருந்தேனே, நீ எத்தனை தரம் வேண்டாமென்றிருப்பாய். அவ்வளவு தூரத்தில் வேலை தேடிக்கொண்டாய், ஏன் என்று எனக்குத் தெரியும், தெரியாதவன் போல இருந்துவிட்டேன். அம்மாவிடமும் சொன்னேன். எனக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். உனக்கும், உன்னோடு அந்த வீட்டில் இருப்பவருக்கும் எங்கள் மனப்பூர்வமான ஆசி. இத்தனை வருஷமாக உன் ரூம்மேட் என்றே சொல்லி வந்திருக்கிறோம். பதில் போடும்போது மறக்காமல் எழுது, அவர் பெயர் என்னப்பா?

இப்படிக்கு,
உன் அப்பா