சமீனாவின் மானிட்டரும் என் கண்ணும்

தவளக்குப்பம்
ஐப்பசி 20

அன்பு மகள் செல்வகுமாரிக்கு அம்மா ஜெயசித்ரா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். மூன்று நாளாக அடைமழை, கடலூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர், நம் ஸ்டுடியோ படிவரை வந்து நின்றுவிட்டுப் போயிற்று. கரியமாணிக்கத்தில் ஒரு காதுகுத்துக்குப் படம் எடுக்கப் போன உன் அப்பா, கேமராவைச் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிவிட்டுத் தான் தொப்பலாக நனைந்து வந்தார், இப்போது தும்மிக்கொண்டிருக்கிறார். போனில் பேசாமல் இதென்ன காகிதத்தில் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நான் சண்டை போட்டுவிடுவேன் செல்வி. பாகூர் சார்லஸ் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை பிரான்சுக்குத் திரும்புகிறார். அவர் மகன் வீடு உங்கள் லியோனுக்குப் பக்கம்தானாம், அதனால் மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாலு மாதமாக எனக்கு மனசு சரியில்லை. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன், யோசித்துப் பார்த்தால் அது பொறாமை. உன்மேல் இல்லை, சமீனாமேல். உன்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த அதே சமீனாதான். ஆடியில் நம் ஸ்டுடியோவுக்கு எதிர்ச் சாரியில் டிசைன் கடை திறந்தாளே, அன்றைக்கு அவள் அப்பா பஷீர் பாய் ஸ்வீட் பெட்டியோடு நம் கடைக்கு வந்தார். வந்தவர் சும்மா கொடுத்துவிட்டுப் போகக்கூடாதா. "தங்கச்சி, உங்க பொண்ணு இல்லன்னா இந்தக் கடையே இல்லம்மா, மூணு ஞாயித்துக்கெழம வீடியோவுல உக்காந்து எந்தக் கம்ப்யூட்டர் வாங்கணும், எது வேணாம்னு ஒண்ணொண்ணா சொல்லிக் குடுத்துச்சு" என்றார். நான் சிரித்துக்கொண்டேதான் பெட்டியை வாங்கினேன். அந்த ஸ்வீட்டை இன்றுவரை நான் வாயில் வைக்கவில்லை, அப்பாதான் தின்று தீர்த்தார். என்னிடம் நீ ஞாயிற்றுக்கிழமை பேசுவது எவ்வளவு நேரம்? சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அப்பா எங்க, சரிம்மா வச்சிடட்டுமா. அவ்வளவுதான். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாண ஆல்பமும் பேனரும் செய்கிறவள் உன் அம்மா. நீ மெஷின் பொறுக்கிக் கொடுத்ததோ எதிர்க்கடைக்கு. உன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். போன பொங்கலுக்கு வந்தபோது நம் பழைய மானிட்டரைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது கலரப் பொய் சொல்லுதும்மா, மாத்திடு" என்றாய். "எனக்கே சொல்லித் தர்றியாடி" என்று உன்மேல் விழுந்தேன். மறக்கவில்லை. ஆனால் பெற்ற பெண் இரண்டாவது தடவை சொல்லக்கூடாதா?

அந்த ஆத்திரத்தில்தான் ஒரு காரியம் செய்தேன், உன்னிடம் மறைத்துவிட்டேன். புதுச்சேரிக்குத் தனியாக பஸ் ஏறிப் போய்ப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவந்தேன். கடைக்காரப் பையன் என்ன வேலைக்கு என்று கேட்டான். போட்டோ வேலைக்கு, இருப்பதிலேயே பெருசாக எடு என்றேன். எதிர்க்கடையில் இருப்பதைவிடப் பெருசாக என்றும் சொன்னேன், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். கேம் விளையாடுகிறவர்கள் வாங்கும் மெஷினைக் காட்டினான். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்கு ஓடுகிறது, செங்கல் மாதிரி ஒரு கிராபிக்ஸ் கார்டு, வில் மாதிரி வளைந்த மானிட்டர். பார்த்ததும் மயங்கிவிட்டேன். அப்பா அதைப் பார்த்து, "இன்னா ஜெயா, திருவிழா சீரியல் செட்ட வூட்டுக்குள்ள கொண்டாந்துட்ட" என்றார். முதல் வாரம் ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சமீனா பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே கண்ணாடிப் பக்கத்தை ரோட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். ஆவணி முகூர்த்த வேலைகள் வந்ததும் சாயம் வெளுத்தது. நாற்பது பக்க ஆல்பத்தைத் திறந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. பின்னால்தான் தெரிந்தது, ரேம் வெறும் எட்டு ஜிபியாம், இந்த வேலைக்கு முப்பத்திரண்டு வேண்டுமாம், அந்தச் செங்கல் கார்டு பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறதாம். ஹார்ட் டிஸ்க் வைக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒன்று, இரண்டு கல்யாணத்திலேயே நிரம்பிவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மெஷின் யோசிக்கும்போதெல்லாம் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

அப்புறம்தான் தனக்கொடி வந்தாள். பனித்திட்டு ஊர்க்காரி, மீன் வியாபாரம், முப்பது வயசு தாண்டியிருக்கும். புதுவீடு கட்டிக் குடிபோகிறாள், அதற்கு முன்னால் ஒரு படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும் என்று மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். சுனாமியில் போன அவள் அக்கா. பத்தொன்பது வயசில் போய்விட்டாள், உடம்பு மூன்றாம் நாள்தான் கிடைத்ததாம். இருக்கிற ஒரே படம் அதுதான், உப்புத் தண்ணீரில் ஊறி, ஒரு கண்ணும் தாடையும் கரைந்து, மீதி முகம் பூசணம் பிடித்து. நாலு நாள் உட்கார்ந்தேன் செல்வி. ஒரு கண்ணைப் பார்த்து இன்னொரு கண்ணை வரைந்தேன், தாடைக்குத் தனக்கொடியின் தாடையையே படம் எடுத்து வைத்துக்கொண்டேன். திரையில் அந்தப் பெண் அப்படி இருந்தாள், எனக்கே கண் கலங்கியது. நம் பிரிண்டரிலேயே போட்டு அவள் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "எங்கக்கா கருப்புதாம்மா, கருப்பா களையா இருக்கும். இது இன்னாம்மா, காமாலை கண்ட மாதிரி கீது. இது அவ இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தான்தான் தப்பான படத்தைக் கொண்டுவந்துவிட்டாற்போல் மெல்லச் சொன்னாள். கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் இருந்தது.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். திரையில் சரியாக இருக்கிறது, காகிதத்தில் மஞ்சள். கல்யாண ஆல்பமெல்லாம் லேபில் சரிசெய்து போட்டுவிடுவார்கள், அதனால்தான் அதுவரை எனக்குத் தெரியாமல் போயிற்று. கடைசியில் அந்த ஃபைலை பென்டிரைவில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். இருபது எட்டில் தாண்டுகிற ரோடு, நாலு மாதமாக நான் தாண்டாத ரோடு. சமீனா முகம் கோணவில்லை. "இன்னா ஆன்ட்டி, நின்னுக்கினே இருக்கீங்க, உக்காருங்க" என்று தன் நாற்காலியையே கொடுத்தாள். அவள் மெஷின் விளக்கும் கிடையாது கண்ணாடியும் கிடையாது, ஒரு கறுப்புப் பெட்டி. மானிட்டர் மட்டும் பட்டையாக, தட்டையாக, வெளிச்சம் விழாமல் இருக்கக் கறுப்பு அட்டையில் ஒரு கூரை போட்டிருக்கிறாள். சின்னதாக ஒரு கருவியைத் திரைமேல் தொங்கவிட்டு மாதத்துக்கு ஒரு தடவை கலரைச் சரிபார்க்கிறாளாம். என் ஃபைலைத் திறந்தாள். அந்தத் திரையில் தனக்கொடியின் அக்கா மஞ்சளாக இருந்தாள். நாலு நாள் நான் செய்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் புது மானிட்டர் எல்லாவற்றையும் நீலமாகக் காட்டியிருக்கிறது, நான் அந்த நீலத்தைக் கழிக்கிறேன் என்று மஞ்சளை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். எதிர்க்கடை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும் சொல்லு.

நீயே சரிசெய்யம்மா என்று எழுந்துவிட்டேன். அவள் விடவில்லை. "எனக்கு இந்தக் கண்ணு வரையத் தெரியாது ஆன்ட்டி, நீங்களே பண்ணுங்க" என்று மவுஸை என் பக்கம் தள்ளினாள். ஒரு மணிநேரம் ஆயிற்று. மஞ்சளை இறக்கினேன், கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு, கழுத்தடியில் கறுப்பை ஆழமாக விட்டேன், வெளுப்பாக்கவே இல்லை. மறுநாள் பிரிண்ட் போட்டு, தனக்கொடியைக் கூப்பிட்டு சமீனா கடையிலேயே கொடுத்தோம். தனக்கொடி முந்தானையை எடுத்து அந்த முகத்தைத் துடைத்தாள், படத்தில் தூசி ஒன்றும் இல்லை, ஈரத்தைத் துடைக்கிற மாதிரி நெற்றியிலிருந்து கழுத்துவரை துடைத்தாள். பிறகு என் கையையும் சமீனா கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கிரகப்பிரவேசத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம், கூடத்தில் நுழைந்ததும் அந்தப் பெண்தான் நம்மைப் பார்க்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். திரும்பி வருகிற ஷேர் ஆட்டோவில் சமீனா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். இவ்வளவு நல்ல மானிட்டர் எதற்கு, மலிவாக ஒன்று போதாதா என்று அவள் உன்னைக் கேட்டாளாம். அதற்கு நீ, "எங்கம்மா கண்ணு மாதிரி கண்ணு நமக்கு இல்லடி, அதனாலதான் நமக்கு மெஷின் வேணும்" என்றாயாம். அப்படியா செல்வி சொன்னாள் என்று இரண்டு தடவை கேட்டேன். சந்தோஷமாக இருந்ததா என்றால் இருந்தது. அதைவிட அதிகமாக எரிந்தது. அந்த வார்த்தை எனக்குச் சேர வேண்டியது. அதை ஏன் அவளிடம் சொன்னாய்? என்னிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் அந்த விளக்கு மெஷினை வாங்க ஓடியிருப்பேனா? சமீனா நல்ல பெண்தான், நன்றியும் இருக்கிறது. அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம், ரேமைக் கூட்டி, பெரிய டிஸ்க் ஒன்று சேர்த்து, மானிட்டரை மாற்றினால் போதும் என்கிறாள் சமீனா. எந்த மானிட்டர் என்று பெயர் எழுதித் தரப் பேனாவையும் எடுத்துவிட்டாள். வேண்டாம்மா, என் பெண் சொல்வாள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இந்தத் தடவை நான் குறுக்கே பேசமாட்டேன்.

மிளகாய்த்தூளைக் கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி வை. குளிருக்குப் பயந்து தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. மாப்பிள்ளையை நாங்கள் விசாரித்ததாகச் சொல்லு, அப்பா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார். நீங்கள் இருவரும் நூறு வருஷம் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு நன்றாக இருக்க வேண்டும். கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே கூப்பிடு, சமீனாவிடம் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்
சு. ஜெயசித்ரா