தரையில் தினம் ஒரு தடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். நான் இன்னும் விழவில்லை. நீ முதலில் கேட்பது அதுதான் என்பதால் அதையே முதலில் எழுதிவிட்டேன்.

நீ ஏற்பாடு செய்த ஆள் வந்து நடையிலும் குளியலறையிலும் கைப்பிடிக் கம்பிகளைப் பொருத்திவிட்டுப் போனார். வீடு இப்போது பஸ் மாதிரி இருக்கிறது, கண்டக்டர்தான் பாக்கி. செவ்வாய்தோறும் வரும் நர்ஸ் அம்மா என்னை ஒற்றைக் காலில் நிற்க வைத்து எண்ணுகிறாள். பள்ளிக்கூடத்தில் தப்பித்த தண்டனை எழுபத்தாறு வயதில் பிடித்துக்கொண்டது.

சொல்ல வந்தது வேறு. பயமாக இருக்கிறது, அதனால்தான் போனில் சொல்லவில்லை.

நாற்பது வருடம் ஊரார் வீட்டுத் தரைக்கெல்லாம் பாலிஷ் போட்டவன் நான். நம் வீட்டு மொசைக்கில் முகம் பார்க்கலாம். போன மாதம் ஒருநாள் காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாதம் அளவுக்குப் பளபளப்பு போயிருந்தது. தடவினால் சொரசொரவென்று இருந்தது. மறுநாள் அதற்கு முன்னால் இன்னொன்று. அதிலிருந்து தினம் ஒன்று. யார் தேய்த்தாலும் தூள் விழும், தண்ணீர்க் கறை இருக்கும். இங்கே ஒன்றுமே இல்லை. சின்னப் பாதம், பெருவிரல் கொஞ்சம் விலகியது. யாருடையது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா போய் ஒன்பது மாதம் ஆகிறது.

என் கண் கோளாறு என்றுதான் இருந்தேன். நர்ஸ் அம்மா பார்த்துவிட்டு, "யாருங்க ஐயா இதைத் தேச்சது?" என்று கேட்டாள். நான்தான் என்று பொய் சொன்னேன். "நல்ல வேலை செஞ்சீங்க, மத்த இடமெல்லாம் வழுக்குது" என்று அந்தத் தடத்தின் மேலேயே நடந்து போனாள். நான் அதை மிதிக்காமல் சுவரோரமாகப் போனேன்.

தடம் நடையைத் தாண்டிக் குளியலறைப் பக்கம் திரும்பியிருக்கிறது. இன்று வந்ததற்கு அடுத்த அடி, குளியலறை வாசலில் அம்மா விழுந்த இடம்.

அவள் சோப்புத் தண்ணீரில் வழுக்கினாள் என்று உன்னிடம் சொன்னேன். சோப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. "அந்த வாசக்கிட்ட மட்டும் பாலிஷ் வேணாங்க, எனக்குக் கால் நிக்கல" என்று மூன்று தடவை கெஞ்சினாள். பாலிஷ்காரன் வீட்டில் மங்கல் தரையா என்று வீம்புக்கு அங்கேதான் இன்னொரு கை கூடுதலாகப் போட்டேன். காய்ந்த தரையில்தான் விழுந்தாள், பாப்பா.

மத்தியானம் அந்தப் பளபளப்பைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்று சொரசொரப்பான பாலிஷ் கல்லை எடுத்துக்கொண்டு அங்கே குனிந்தேன். தேய்க்கக் கை வரவில்லை. அதை அவள் செய்ய வேண்டும், இல்லை செய்யாமல் விட வேண்டும். நான் முந்திக்கொண்டால் அவள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே போய்விடும்.

நாளைக் காலை கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் போவேன். ஆனால் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை அங்கே வைப்பேன்.

இது உன் கைக்கு வருமுன் நான் போன் செய்திருந்தால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. செய்யாவிட்டால் அம்மாவைக் குறை சொல்லாதே. நீயாவது என்னை மன்னித்துவிடு. உன் வீட்டில் யாராவது கால் நிற்கவில்லை என்று சொன்னால், முதல் தடவையிலேயே காது கொடுத்துக் கேள் தாயே. நூறு வயது நன்றாக இரு.

உன் அப்பா