நெட் போனால் நிற்கும் லேத்

ஹிஞ்சேவாடி அலுவலக வாசலில் இன்று புது பெயின்ட் வாசனை. நம் கம்பெனி முதன்முதலாகச் செய்த லேத்தை எங்கிருந்தோ தேடிப்பிடித்து, நீலம் அடித்து, சுற்றிலும் கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை: 'நாங்கள் இயந்திரம் விற்பதில்லை, நம்பிக்கை தருகிறோம்.' மேலதிகாரிகள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் அதை ஓட்டத் தெரியாது. நீ இருந்திருந்தால் கயிற்றைத் தாண்டிப் போய், எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்திருப்பாய்.

நீ சர்வீஸில், நான் சேல்ஸில். ஒரே வருஷம் சேர்ந்தோம். கம்பெனி விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியபோது நம்மை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்கள். லேத் கம்பெனியுடையதாகவே இருக்கும். வாடிக்கையாளர் மாதாமாதம் சந்தா கட்டுவார். இயந்திரம் தினமும் நெட் வழியாகக் கம்பெனியின் கிளவுடுக்குத் தகவல் அனுப்பும். இரண்டு நாள் அனுப்பாவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பாதுகாப்பு. "திருடன் கிட்டேருந்தா, கஸ்டமர் கிட்டேருந்தா?" என்று என் காதில் கேட்டாய். சிரித்தேன். அடுத்த வாரமே அதை விற்கக் கிளம்பினேன்.

போசரியில் சக்கர நாற்காலிக்குப் பாகங்கள் செய்யும் அந்த மராத்திக்காரர் கையெழுத்துப் போடுமுன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நெட் போனால் மெஷின் நிற்குமா? நிற்காது என்றேன். தெரிந்தே சொன்னேன்.

மழையில் நெட் கேபிள் அறுந்தது. மூன்றாம் நாள் காலை, பாதி கடைந்த அச்சைக் கவ்வியபடி லேத் நின்றுவிட்டது. உதவி எண்ணில் ஒரு பதிவுக்குரல், இயந்திரம் நலமாக இருக்கிறது, அனுமதி மட்டும் இல்லை என்று இனிமையாகச் சொல்லிக்கொண்டே இருந்ததாம். அவர் எனக்குத்தான் முதலில் போன் செய்தார். நான் எடுக்கவில்லை. பிறகு உனக்குச் செய்தார்.

நனைந்துகொண்டே ஸ்கூட்டரில் போய், சர்வீஸ் சாவியைப் போட்டுப் பூட்டைத் திறந்துவிட்டாய். லேத் ஓடியது. கேபிள் சரியானதும் அதே லேத் உன்னைக் காட்டிக்கொடுத்தது. ஒரு இரும்புக்குக் கோள் சொல்லக் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே முன்னேற்றம் என்கிறார்கள்.

விசாரணை அறையில் எல்லாம் இந்தியும் ஆங்கிலமும்தான். கம்பெனி சொத்தில் எப்படிக் கை வைத்தாய் என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் நீ என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாய்: "மெஷின் நம்மளுதுன்னே வெச்சுக்கோ பா. அவரு பொழப்பும் நம்மளுதா?"

என்ன சொல்கிறாள் என்று மேனேஜர் என்னைக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

வாடிக்கையாளரிடம் நெட் விஷயம் சொல்லப்பட்டதா என்று அடுத்து கேட்டார்கள். சொன்னதாகத் தலையாட்டினேன். நான் பொய் சொல்வது உனக்குத் தெரியும். நீ வாய் திறக்கவில்லை. அன்றே உன் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. போசரிக்காரர் லேத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, பழைய மெஷின் ஒன்றை வாங்கினார். அதை நீதான் பார்த்துக்கொண்டாய் என்று கேள்விப்பட்டேன். நானாக உன்னை ஒருநாளும் கூப்பிடவில்லை.

போன மாதம், உன் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் கோந்த்வாவில் உன் வீட்டுப் படியேறினேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடு போயிருந்தேன். உன் கணவர் டீ போட்டுக் கொடுத்தார். "அவ உங்கள ஒரு வார்த்தை தப்பா பேசினதில்ல. அவனுக்கு ரெண்டு பசங்க, வீட்டு லோனு, அவன் என்ன பண்ணுவான்னுதான் சொல்லுவா" என்றார்.

பூட்டுப் போட்டவர்களை எளிதாக இகழ முடிகிறது எனக்கு. பலகை எழுதியவர்களை இன்னும் எளிதாக. ஆனால் பெரியவன் வேலைக்குப் போய்விட்டான், சின்னவன் இந்த வருஷம் படிப்பை முடிக்கிறான், கடனும் அடைந்துவிட்டது. நீ இரக்கப்பட்டுச் சொன்ன அந்தச் சாக்கை மட்டும் நான் இன்னும் விடவில்லை. அதைச் சொல்லிக்கொண்டுதான் தினமும் காலையில் கம்பெனி காரில் ஏறுகிறேன்.